அல்மரேதாவில் கடல் தூங்கும் நேரம்

அல்மரேதாவில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடல் ஊருக்குள் தூங்க வரும் என்பதைச் சுகுணா எங்களிடம் சொன்ன விதத்தில் ஆச்சரியம் என்று எதுவும் இல்லை. கார்ப்பரேஷன் தண்ணி காலையில் வரும், பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வோமே, அதே குரலில்தான் சொன்னாள். தேவாலயத்து மணி அடித்ததும் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவார்களாம், தெருவில் நிற்கும் பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்களாம், மரச் சன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடுமாம். அதன் பிறகு கடற்கரைச் சாலையைத் தாண்டி, பேரீச்ச மரங்களைத் தாண்டி, ஐஸ்கிரீம் கடையின் மடக்கி வைத்த குடைகளைத் தாண்டி, அலை இல்லாமல், சத்தம் இல்லாமல், உச்சி வெயிலில் கண் கூசும்படி மின்னிக்கொண்டு கடல் தெருவுக்குள் ஏறி வந்து, முதல் மாடி வரை நிறைந்து, அப்படியே படுத்துக்கொள்ளுமாம். சாயங்காலம் மறுபடி மணி அடித்ததும் எழுந்து போய்விடும். போன பிறகு தெருவில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது, படிக்கட்டில் மட்டும் நகத்தால் சுரண்டி எடுக்கிற அளவுக்கு உப்பு படிந்திருக்கும். அந்த ஊர் ரொட்டிக் கடைக்காரர் மாவில் உப்பே போடுவதில்லை என்றும் சொன்னாள்.

நாங்கள் என்றால் சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், ஏதோ ஒரு வங்கியின் செயலியில் எங்கெங்கே பிழை இருக்கிறது என்று பொழுது முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும் கூட்டம். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று கம்பெனி ஒருமுறை பெரிய மனது பண்ணி அறிவித்தபோது நாங்கள் எல்லாரும் அதிகபட்சம் சொந்த ஊருக்குப் போய், மின்வெட்டில் நெட் போய், திட்டு வாங்கித் திரும்பி வந்தோம். சுகுணா ஒருத்திதான் ஸ்பெயினுக்கு விசா எடுத்தாள். எங்கள் டீம் லீட் கோபிநாத் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அங்கே நெட் வேகம் எப்படி என்பதுதான். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "கொடுத்து வச்சவடி நீ, வெயில்ல காய்ஞ்சுக்கிட்டே சம்பளம் வாங்கப் போற" என்றேன், அவள் சிரித்தாள்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. சுகுணா நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். சுனாமியில் அவள் அம்மா வனமயிலைக் கடல் கொண்டுபோனது, உடம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சுகுணா கடலைப் பார்த்து உட்கார்ந்ததே கிடையாது. ஆபீஸ் சுற்றுலா என்று மகாபலிபுரம் போனபோதுகூட நாங்கள் அலையில் குதித்துக்கொண்டிருக்க, அவள் பேருந்திலேயே திரையை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தாள். அப்படிப்பட்டவள் கடற்கரை ஊராகப் பார்த்து எதற்குப் போகிறாள் என்று கேட்டதற்கு போனில் மேப்பைப் பெரிதாக்கிக் காட்டினாள். "பாரு, இந்தக் கடலுக்குச் சுத்தி எல்லாப் பக்கமும் கரை. பெருசா ஏறாது, எறங்காது, ஏரி மாதிரி கெடக்குமாம். இதுலேருந்து ஆரம்பிச்சாத்தான் எனக்குப் பயம் போகும்." அந்த ஏரி மாதிரி கிடக்கும் கடல் தினமும் படியேறி வந்து படுக்கும் என்று மேப்பில் போட்டிருக்கவில்லை.

அவள் எடுத்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது, வெள்ளைச் சுவர், பூச்சட்டி வைத்த சின்ன பால்கனி, பால்கனிக்குக் கீழே ஆரஞ்சு மரங்கள் நிற்கும் தெரு. வீட்டுக்காரம்மா என்கார்னா முதல் மாடியில் குடியிருந்தார், அறுபதைத் தாண்டிய மனுஷி, பருத்த உடம்பு, எப்போதும் ஒரு விசிறி கையில். அவர் பேசியது ஸ்பானிஷ், சுகுணாவுக்குப் புரிந்தது பாதி, மீதியைப் போன் மொழிபெயர்த்தது, எங்களுக்கு அவள் திருப்பிச் சொன்னதோ நாகப்பட்டினத் தமிழில். அதனால் என் மனதில் அந்த அம்மாள் இன்றைக்கும் மீன் மார்க்கெட்டில் கூடையோடு நிற்கும் நாகப்பட்டினத்துக்காரியாகத்தான் இருக்கிறார்.

"தூங்கிட்டா ஒண்ணும் பயமில்ல மவளே" என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார் என்கார்னா. "தூங்குறவங்கள அது தொடாது. அதுவும் தூங்கத்தான வருது? நான் கட்டில்ல படுத்திருப்பேன், எனக்கு மேல தண்ணி நிக்கும், மீனு போவும் வரும், முழிச்சுப் பாத்தா போத்துன துணிகூட நனைஞ்சிருக்காது. முழிச்சுத்தான் இருக்கணும்னா நீ மேலயே இரு, கீழ எறங்காத. அது தூக்கத்துல பேசும். பேசுனா பேசட்டும், பதில் மட்டும் சொல்லிறாத."

"எனக்கு அந்த நேரத்துலதாம்மா மீட்டிங்" என்றாள் சுகுணா. உலகத்தில் எந்த ஊரிலாவது அந்த நேரத்தில் மனுஷன் முழித்துக்கொண்டு மீட்டிங் போடுவானா என்று என்கார்னா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாராம்.

ஊர் அந்தக் கடலோடு வாழப் பழகியிருந்த விதத்தைச் சுகுணா வாரக்கணக்கில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்களும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டோம். ஓட்டல்களில் வெளியூர்க்காரர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு ஒரு குவளை ஒயின் சும்மா கொடுத்துவிடுவார்கள், அவர்கள் வெயிலில் களைத்துத் தூங்கியும் போவார்கள், ஊருக்குத் திரும்பி அல்மரேதாவில் தூங்குகிற தூக்கம் வேறெங்கும் வராது என்று எழுதுவார்கள். தூக்கம் பிடிக்காதவர்களுக்கு மருந்துக் கடையில் காதில் வைக்கும் மெழுகு விற்றது. ஊர்க் காவலர் தூங்கினார், திருடர்கள் இருந்தால் அவர்களும் தூங்கியாக வேண்டும் என்பதால் யாரும் வீட்டைப் பூட்டவில்லை. காரணம் என்ன, எப்போதிருந்து வருகிறது என்று சுகுணா கேட்டுப் பார்த்திருக்கிறாள். அதுக்கும் வயசாவுது, கூட்டம் பூரா வந்து மேல குதிக்குது, மதியத்துல செத்த நேரம் படுக்கத் தோணாதா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். உச்சி வேளையில் கிணற்றடிப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட எங்களுக்கும் இதில் நம்பமுடியாதது ஒன்றும் தெரியவில்லை.

அது தூக்கத்தில் பேசும் பேச்சுதான் வேறு மாதிரி. தூங்கும் கடல் தன்னுடைய குரலில் பேசவில்லை, தான் கொண்டுபோனவர்களின் குரலில் பேசியது. மாலுமிகள் சீட்டுக் கட்டைக் கலைப்பதற்குச் சண்டை போட்டார்கள், பிழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து வந்து படகு கவிழ்ந்து போனவர்கள் கரை இன்னும் எவ்வளவு தூரம் என்று தங்கள் மொழியில் கேட்டார்கள், ஒரு பெண் தாலாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினாள், நடுநடுவே ஒவ்வொரு குரலும் யாரையோ கூப்பிட்டது. தன் பேரைச் சொல்லிக் கூப்பிடும் குரலைக் கேட்டு யாராவது பதில் சொல்லிவிட்டால் அவர்கள் எழுந்து படியிறங்கிப் போய்விடுவார்கள், மறுநாள் மதியம் அவர்கள் குரலும் மற்றக் குரல்களோடு சேர்ந்துவிடும். அதற்காக ஊரில் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. அந்த வீட்டுக் கதவுக்கு நீல வண்ணம் அடிப்பார்கள், அவ்வளவுதான். என்கார்னாவின் கதவும் நீலம். அவருடைய கணவர் பாக்கோ, கடலோடு போன தன் தம்பி கூப்பிட்டான் என்று பதில் சொல்லிவிட்டுப் போனவர். "தெனமும் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்துலதான் குறட்டை விடுறாரு. அந்தக் குறட்டை கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது" என்று விசிறியால் வாயை மறைத்துச் சிரித்திருக்கிறார். சுகுணா அதைச் சொன்ன அன்று நான் டப்பாவைப் பாதியிலேயே மூடி வைத்தேன்.

வனமயிலின் குரலை முதலில் கேட்டது நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான். எங்களுக்கு மாலை, அவளுக்கு மதியம், வழக்கமான கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கோபிநாத் யார் யார் என்ன முடித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தபோது திரையில் எங்கள் முகங்கள் தெரியும் பெட்டிகளில் ஒன்றிலிருந்து ஒரு பெண் குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் இல்லை, அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது போல் தெளிவாக, "சுகுணாப்பா!" என்றது. சற்று நேரம் கழித்து மறுபடி, "சுகுணாப்பா!"

"சுகுணா, பின்னாடி யாரோ பேசறாங்க பாருங்க" என்றார் கோபிநாத்.

சுகுணாவின் முகம் திரையில் அசையாமல் இருந்தது. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள், "என் மைக்க அணைச்சுத்தான் சார் வச்சிருந்தேன். இப்பதான் போடறேன். அது எங்கம்மா."

அதற்குப் பிறகு அந்தக் குரல் எங்கள் கூட்டத்துக்கு நாள் தவறாமல் வந்தது. நாகப்பட்டினத்தில் போனவர் அந்தக் கடலில் எப்படி என்று யாரும் கேட்கவில்லை, கடல் எல்லாம் ஒரே தண்ணீர்தானே. ஒரு வாரம் நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு அதையே கேட்டோம், அடுத்த வாரம் பழகிவிட்டது. ஏசி சத்தத்துக்குப் பழகுவதில்லையா, அந்த மாதிரி. மேலிடத்திலிருந்து பின்னணி இரைச்சல் பற்றி ஒரு மெயில் வந்தது, கோபிநாத் அதற்குப் பதில் போடவில்லை. வனமயில் கூப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே பேச்சை நிறுத்திவிடுவார், அவர் கூப்பிட்டு முடித்ததும் "சரி, அடுத்து" என்பார். சிலர் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வேறு யாருடைய குரலையோ தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மெரினாவில் குளிக்கப் போன பிள்ளையை இழந்த வீடு எங்கள் டீமிலும் ஒன்று உண்டு, நான் பேர் சொல்லப் போவதில்லை.

சுகுணா என்னிடம் மட்டும் ஒன்று சொல்லி அழுதாள். "இத்தன வருஷம் கழிச்சுக் கூப்பிடறா, என்னையக் கூப்பிடல பாரு. அவ புருஷனத்தான் கூப்பிடறா."

அந்தப் புருஷனைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். சுகுணாவின் அப்பா அஞ்சப்பன் நாகப்பட்டினத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த காலனி வீட்டில் தனியாக இருந்தார். வனமயில் இறந்துவிட்டதாக அரசாங்கம் சொல்லிவிட்டது, சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள், அவர் சொல்லவில்லை. கருமாதி செய்யவில்லை, படத்துக்கு மாலை போட விடவில்லை, அமாவாசைக்குப் படைக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கதவை அகலத் திறந்து வைத்து, கடல் இருக்கும் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிடுவார். சுகுணா கடன் வாங்கித் தாம்பரத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்கு வரச் சொன்னால் ஒரே பதில்தான், "அவ வந்து பாக்கறப்ப வூடு பூட்டிக் கெடந்தா நல்லாருக்குமா தாயி?" போன மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்து, பக்கத்து வீட்டு சரோஜா கஞ்சி கொண்டுபோய்ப் பார்த்ததால்தான் உயிர் தப்பினார். அடுத்த தடவை சரோஜா ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சுகுணாவின் நெஞ்சைப் பிடித்த கவலை. அம்மா செத்துவிட்டாள் என்று அப்பா நம்பினால்தான் அப்பா பிழைப்பார், அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

யோசனை என்னுடையதுதான், மறைப்பானேன். எங்கள் ஊர்ப் பக்கமும் சரி, அவள் ஊர்ப் பக்கமும் சரி, ஆளில்லாத நேரத்தில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே என்ன என்று கேட்கக் கூடாது. செத்தவர்கள் இரண்டு தடவைதான் கூப்பிடுவார்கள், மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் அது உயிரோடு இருக்கும் ஆள். இதைச் சின்ன வயதில் கேட்காத பிள்ளை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. வனமயிலோ எத்தனை நாளாக வந்தாலும் இரண்டே தடவைதான் கூப்பிட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறார். "உங்கப்பா காதால ஒரு தடவ கேட்கட்டும்டி. ரெண்டு தடவையோட நின்னுபோச்சுன்னா அவருக்கே தெரிஞ்சிரும்" என்றேன். கோபிநாத் முதற்கொண்டு எல்லாரும் அதைச் சரி என்றார்கள். பிழை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த எங்களில் ஒருவருக்குக்கூட அந்த ஊர்க் கடலுக்கு நம்மூர்க் கணக்கு தெரிந்திருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை.

என்கார்னாவிடம் சுகுணா முன்கூட்டியே கேட்டாள்.

"கேக்கறதுல தப்பில்ல" என்றிருக்கிறார் அவர். "பதில் சொல்லாம இருந்தாச் சரி. எம்புட்டுத் தூரத்துல இருக்காரு ஒங்கப்பா?"

"எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்கும்மா."

"அம்மாடி! எங்க வூட்டுப் படி ஏறவே அதுக்கு மூச்சு வாங்குது, அம்புட்டுத் தூரம் அது எங்க போவப் போவுது" என்று சிரித்துவிட்டு, சன்னலை அடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

அன்றைக்குக் கூட்டத்தில் எல்லாரும் நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தோம், கேமராக்களை அணைத்துவிட்டோம், கோபிநாத் எதையும் கேட்கவில்லை. சுகுணா தன் லேப்டாப்பைப் பால்கனியைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பூச்சட்டிகளுக்குக் கீழே, கம்பிகளுக்கு இடையில், கடல் தெருவை நிறைத்துக்கொண்டு கிடந்தது, ஆரஞ்சு மரங்களின் உச்சிக் கிளைகள் மட்டும் அதற்கு மேலே தெரிந்தன, பழங்களுக்கு நடுவே ஒரு வெள்ளி மீன் திரும்பியதையும் நான் பார்த்தேன். ஒரு பெரிய உடம்பு மூச்சு விடுவதைப் போல அது லேசாக ஏறி ஏறி இறங்கியது. சுகுணா அப்பாவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, பால்கனிச் சுவர் மேல் வைத்தாள்.

"அப்பா, ஒரு குரல் கேக்கும். நல்லாக் கேளு. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. என் மேல சத்தியமா தொறக்கக் கூடாது."

"யாரு குரலு தாயி?"

"கேட்டா ஒனக்கே தெரியும்ப்பா."

நாகப்பட்டினத்தில் அப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. போனில் ஒரு சைக்கிள் மணி கேட்டது, யாரோ தண்ணீர் தெளித்து வாசல் கூட்டும் சத்தம், அதற்கெல்லாம் பின்னால் எங்கள் வங்காள விரிகுடாவின் இரைச்சல். அல்மரேதாவில், பால்கனிக்குக் கீழே, மாலுமிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்கள் ஓய்ந்தார்கள்.

"சுகுணாப்பா!"

போனில் மூச்சு நின்றது எங்களுக்குக் கேட்டது. அவர் பேசவில்லை. நாற்காலி மட்டும் ஒருமுறை கிறீச்சிட்டது.

"சுகுணாப்பா!"

அப்போதும் பேசவில்லை. தாலாட்டுப் பெண் முதலிலிருந்து பாட ஆரம்பித்தாள், அவளுக்குப் பின்னால் வேறு குரல்கள் வந்தன, எல்லாம் வழக்கம் போலத்தான் நடந்தது. சுகுணா வாயைப் பொத்திக்கொண்டு போன் பக்கம் குனிந்து, "கேட்டியாப்பா? ரெண்டு தடவதான். ரெண்டோட நின்னுபோச்சுப்பா" என்றாள்.

அந்த நேரத்தில் மற்ற எல்லாக் குரல்களும் ஒரேயடியாக அடங்கின. தாலாட்டு பாதியில் நின்றது, திரும்பத் தொடங்கவில்லை. கடல் ஏறி இறங்குவதை நிறுத்திவிட்டு, காது கொடுப்பது போல அசையாமல் கிடந்தது. போனில் கேட்ட மூச்சைத்தான் அது கேட்டிருக்க வேண்டும். பிறகு பால்கனிக்கு நேர் கீழே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், முன் இரண்டையும் விட மெதுவாக, பிரியமாக, மூன்றாவது தடவை அந்தக் குரல் கூப்பிட்டது.

"சுகுணாப்பா..."

எங்கள் பெட்டிகளில் யாரோ "ஐயோ" என்றார்கள். சுகுணா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா, வேணாம், பேசாத, பேசாத" என்று கெஞ்சினாள்.

அஞ்சப்பன் பேசினார், குரல் ஆடாமல் இருந்தது.

"பயப்படாத தாயி. இது ஒங்கம்மா இல்ல."

"அப்பா?"

"ஒங்கம்மா சோத்துக்குக்கூட ஒரு தடவைக்கு மேல ஒருத்தரையும் கூப்பிட்டவ இல்ல. வந்தா வா, வராட்டிப் போன்னு சட்டிய மூடி வச்சிட்டுப் போயிருவா. மூணு தடவ கூப்பிட அவளுக்கு ஏது பொறுமை? கொரலு அவ கொரலுதான். ஆனா அவ இல்ல."

"ஆமாப்பா" என்று சுகுணா அழுதாள். "அம்மா இல்லப்பா. அம்மா செத்துப்போயிட்டாப்பா."

"ஆமா தாயி" என்றார் அவர். "அவ செத்துட்டா."

இருபது வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டார். கோபிநாத் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. முடிந்தது, இனி அவர் தாம்பரத்துக்கு வந்துவிடுவார், ஃபிளாட்டின் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவார், நாங்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மீன் குழம்பு சாப்பிடுவோம் என்றெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நினைத்துவிட்டேன்.

"ஆனா தாயி" என்றார் அஞ்சப்பன், பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்வது போல. "இத்தன வருஷத்துல என்னைய வேற யாரு கூப்பிட்டா, சொல்லு."

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடும் பெண்டாட்டிக்குப் பதில் சொல்லும் அதே அலுப்பும் அன்புமான குரலில், கொஞ்சம் உரக்கவே அவர் சொன்னார்.

"இந்தா, வந்துட்டேன்."

மணி அடிப்பதற்கு முன்பே கடல் எழுந்தது. அல்மரேதாவில் அப்படி நடந்ததே இல்லையாம். தெருவிலிருந்து ஒரே இழுப்பாக இறங்கி, ஆரஞ்சு மரங்களை ஆட்டிவிட்டு, கடற்கரைச் சாலையைத் தாண்டிப் போய்விட்டது. மூடியிருந்த சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஊரே தூக்கம் கலைந்து, வெறிச்சோடிய தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது. சுகுணா போனில் அப்பா அப்பா என்று கத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் போனை எடுத்தது சரோஜா. "சுகுணா? நாற்காலில போனு மட்டும் கெடக்கேம்மா. அண்ணன் எங்க? செருப்பு இங்கதான் இருக்கு" என்றார். வாசலில் ஈரம் எதுவும் இல்லை என்றும், படியில் மட்டும் என்னவோ வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது என்றும் சொன்னார். காலனி ஆட்கள் அன்று ராத்திரி முழுக்கப் படகெடுத்துத் தேடினார்கள்.

அல்மரேதாக்காரர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. போன் வழியாகப் பதில் சொன்னவர் அங்கே இதுவரை கிடையாது, எந்தக் கதவுக்கு நீலம் அடிப்பது? பாதிரியார் ஒன்று சொன்னார், ரொட்டிக் கடைக்காரர் ஒன்று சொன்னார், கடைசியில் பதில் புறப்பட்டு வந்த வழி இதுதான் என்று சுகுணா குடியிருந்த மூன்றாவது மாடிக் கதவுக்கே அடித்தார்கள். ஆளுக்கொரு ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். என்கார்னா மட்டும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்தைப் பத்தி நான் சொன்னது தப்பு மவளே, தப்பு மவளே என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். விமானச் சீட்டு மறுநாள் மாலைக்குத்தான் கிடைத்தது.

அந்த மறுநாள் மதியத்தை அவள் கடக்க வேண்டியிருந்தது. லீவு எடுத்துக்கொள், தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படு என்று கோபிநாத் சொல்லியும் தூக்கம் வரவில்லை, இந்த நேரத்தில் தனியாக இருக்க முடியவில்லை என்று கூட்டத்துக்கே வந்துவிட்டாள். நாங்களும் எல்லாரும் இருந்தோம். அவள் முகம் வீங்கியிருந்தது, பின்னால் பெட்டி கட்டி வைத்திருந்தது தெரிந்தது, அதற்கும் பின்னால் கடல் வந்து படுத்திருந்தது. குரல்கள் ஆரம்பித்தன. சற்று நேரத்தில் அதில் அஞ்சப்பனும் வந்தார். வலையைக் காயப் போட்டாயா என்று வனமயில் கேட்டார், போட்டாச்சு போட்டாச்சு என்று இவர் எரிச்சலோடு சொன்னார், பிறகு இருவரும் சிரித்தார்கள். சுகுணாவும் லேசாகச் சிரித்ததைப் பார்த்ததும் நான் என் மைக்கைப் போட்டுக்கொண்டேன்.

பிறகு இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைத் தெருமுனையிலிருந்தே கூப்பிடுவது போல ஆசையாக, "சுகுணா!" என்றன.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை, கோபிநாத்தாகத்தான் இருக்க வேண்டும். ஓடிபி வருவதற்கு முன்பே பக்கம் மூடிக்கொள்கிறது, இதை யார் பார்க்கிறீர்கள் என்று தொண்டை கிழிய அவர் கத்த, நான் பார்க்கிறேன் என்று ஒருவர் கத்த, இல்லை அது சர்வர் பிரச்சினை என்று இன்னொருவர் கத்த, பாஸ்வேர்டு, பேலன்ஸ், எழுத்து அளவு, பொத்தானின் நிறம் என்று வாயில் வந்ததை எல்லாம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். நான் என் பங்குக்கு நேற்று முடித்ததையே மறுபடி மறுபடி வாசித்தேன். அந்தக் குரல்கள் எங்கள் குரல்களுக்கு அடியில் எங்கேயோ போயின, ஆனால் நிற்கவில்லை.

சுகுணா திரையின் பக்கம் திரும்பி, கை கூப்பினாள்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா இருங்களேன், ப்ளீஸ்" என்றாள். "எங்கம்மா என்னையக் கூப்பிடறா."

யாரும் சும்மா இருக்கவில்லை. கோபிநாத் அடுத்த பிழையை வாசிக்க ஆரம்பித்தார், நான் அழுதுகொண்டே குரலை இன்னும் உயர்த்தினேன்.